பாசி எடுத்த அம்மாவுக்கு நிற்காதது மகளுக்கு ஏன் நின்றது?

கேள்வி: டாக்டரம்மா, என் மகளுக்கு 19 வயது, உயரம் 160 செ.மீ. போலீஸ் தேர்வுக்காக ஏழு மாதமாகக் காலையும் மாலையும் கடற்கரையில் ஓடுகிறாள். ஏதோ வீடியோ பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டாள், சோற்றைத் தொடுவதில்லை. 52 கிலோ இருந்தவள் இப்போது 44. நாலு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கி ஐந்து நாள் கொடுத்தேன், அப்பவும் வரவில்லை. நீர்க்கட்டியாக இருக்கும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். மணலில் ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும், பிள்ளை தங்காது என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். நான் 14 வயதிலிருந்து கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறேன், எனக்கு ஒரு மாதம்கூடத் தவறியதில்லை, மூன்று பிள்ளை பெற்றேன். அவளுக்கு வெள்ளைப்படுகிறது, முடி கொட்டுகிறது. வலது முழங்காலுக்குக் கீழே ஒரு இடத்தில் வலி, தைலம் தேய்க்கிறோம். ஓட்டத்தை நிறுத்திவிடவா?
- மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு தாய்

பதில்: ஓடினால் கர்ப்பப்பை இறங்காது. மணலில் ஓடினாலும் இறங்காது, தார் ரோட்டில் ஓடினாலும் இறங்காது. பிள்ளை தங்காமல் போய்விடுமோ என்பதுதானே உங்கள் பயம்? இந்த வகையில் மாதவிலக்கு நின்றால் கர்ப்பப்பையும் சினைமுட்டைகளும் அப்படியேதான் இருக்கும். சரியாகக் கவனித்தால் மாதவிலக்கு திரும்ப வரும், பிள்ளையும் பிறக்கும்.

பதிலில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். மூச்சடக்கி மூழ்கி, பாறையில் கை கிழிய மரிக்கொழுந்து பாசி பிடுங்குவது 400 மீட்டர் ஓட்டத்துக்கு இளைத்த வேலையா? ஆனாலும் உங்களுக்கு ஒரு மாதம் தவறவில்லை. கரைக்கு வந்ததும் சோறும் மீன்குழம்பும் வயிறாரச் சாப்பிட்டிருப்பீர்கள். உங்கள் மகள் உங்களைப் போலவே உழைக்கிறாள், சாப்பாடு மட்டும் இல்லை.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. மாதவிலக்குச் சுழற்சியின் முதல் பாதியில் அது ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்மோன் துடிப்பை அனுப்பும். அந்தத் துடிப்பு ஒழுங்காக இருந்தால்தான் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கும், முட்டை வெளிவரும். ஓட்டத்துக்குச் செலவானது போக உடம்பில் மிச்சம் போதாதபோது ஹைப்போதலாமஸ் அந்தத் துடிப்பைக் குறைத்துவிடும். இந்தப் பஞ்சத்தில் ஒரு பிள்ளையைச் சுமக்க முடியாது என்று உடம்பே எடுக்கும் முடிவு அது. மாதவிலக்கு ஒழுங்காக வரும், உடற்பயிற்சி பழக்கமில்லாத இளம்பெண்களிடம் இதை நேராகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு கடுமையாகப் பயிற்சி செய்தாலும் அதற்கேற்பச் சாப்பிட்டவர்களுக்குத் துடிப்பு குறையவில்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்குத் தனிப் பெயரே வைத்தது. மாதவிலக்கோடு எலும்பு, ரத்தம், இதயம், மனநிலை எல்லாம் இதில் அடிபடும் என்பதால்தான்.

அடுத்து அந்த மாத்திரை. மருத்துவர் சீட்டு இல்லாமல் ஹார்மோன் மாத்திரையைக் கொடுத்த கடைக்காரர் மேல் எனக்கு வரும் கோபத்தை இங்கே எழுத முடியாது. மாதவிலக்கு தள்ளிப்போன எந்தப் பெண்ணுக்கும் முதலில் செய்ய வேண்டியது சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. மகள் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. டாக்டர் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் இதுதான் முதல் படி. அந்த முடிவு 'இல்லை' என்று வந்தால், மாத்திரைக்குப் பிறகும் ரத்தம் வராததே ஒரு துப்பு. நீர்க்கட்டிப் பிரச்சினையில் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் இருக்கும், கர்ப்பப்பை உள்சவ்வு வளர்ந்திருக்கும், இந்த மாத்திரையை நிறுத்திய சில நாளில் ரத்தம் வரும். இவளுக்கு வரவில்லை என்றால் சவ்வு வளரவே இல்லை, ஈஸ்ட்ரோஜன் வற்றியிருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. அதனால் இன்னொரு பட்டை வாங்கிக் கொடுக்காதீர்கள். கருத்தடை மாத்திரை கொடுத்து மாதாமாதம் ரத்தம் வரவைத்தாலும் பிரச்சினை அங்கேயேதான் இருக்கும். அரிசி போடாமல் உலையைக் கிளறிப் பயன் என்ன?

வெள்ளைப்படுதல் நாற்றமோ அரிப்போ இல்லாவிட்டால் இயல்பு. முடி, சாப்பாடு சரியானால் சரியாகும்.

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய கால் வலிதான் என்னை நிறுத்தியது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத எலும்பு மெலியும். அதுவும் இந்த வயதில், எலும்பு தன் வாழ்நாள் வலுவைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போது. அந்த மெலிந்த எலும்பு மேல் தினமும் இரண்டு வேளை ஓட்டம். அதில் மயிரிழை விரிசல் விழும். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு நெடுக விரவி வலித்தால் பெரும்பாலும் தசை, சவ்வு சம்பந்தப்பட்டது. ஒரு விரலால் தொட்டு 'இங்கேதான்' என்று காட்ட முடிகிற வலி, ராத்திரி படுத்திருக்கும்போதும் குத்துகிற வலி வேறு. 'ஒரு இடத்தில்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தைலத்தை ஓரமாக வையுங்கள், தேய்த்து நீவி விடுகிறவர்களிடமும் கூட்டிப்போகாதீர்கள். காலைப் பார்க்கும் வரை ஓட்டம் கூடாது, எம்பிக் குதித்துச் சோதித்துப் பார்ப்பதும் கூடாது. முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். 'எக்ஸ்ரே நார்மல்' என்று அனுப்பிவிட்டால், மாதவிலக்கு நாலு மாதமாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று டாக்டர் யோசிக்க அது போதும்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். எலும்பு, மகப்பேறு இரண்டு பிரிவும் ஒரே இடத்தில் இருக்கும். தைராய்டு, புரோலாக்டின், ஹீமோகுளோபின், சினைப்பை ஹார்மோன்கள், ஒரு ஸ்கேன் பார்ப்பார்கள். ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு தொடர்ந்து மூன்று மாதம் நின்றாலே போக வேண்டியது. நாலாவது மாதம் மெடிக்கல் வாசலில் போயிருக்கிறது.

ஓட்டத்தை ஒரேயடியாக நிறுத்தச் சொல்ல மாட்டேன். கால் தேறட்டும், கொஞ்ச காலம் கழித்துத் திரும்ப ஓடலாம். ஆனால் 160 செ.மீ. உயரத்துக்கு 44 கிலோ போதாது. 47-க்குக் கீழே இருந்தாலே எடைக்குறைவுதான். போலீஸ் தேர்வில் உயரம் அளப்பார்கள், இளைத்திருப்பதற்கு மதிப்பெண் கிடையாது. ஓட்டம் முடிந்த அரை மணிக்குள் ஏதாவது வயிற்றில் விழ வேண்டும். கருப்பட்டி போட்ட கேழ்வரகுக் கூழ் போதும், 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ராத்திரி சோறு கட்டாயம். நெத்திலியை முள்ளோடு தின்னட்டும், நம் கரையில் அதற்கா பஞ்சம்? புரோட்டீன் பவுடர் டப்பாவுக்குக் காசைக் கரியாக்காதீர்கள். எடை ஏறிய பிறகும் மாதவிலக்கு திரும்பச் சில மாதம் ஆகலாம், அதற்குள் பதறி மாத்திரைக்கு ஓடாதீர்கள்.

சோற்றைக் கண்டாலே பயம், கண்ணாடி முன்னால் நின்று இன்னும் குண்டாக இருக்கிறேன் என்ற பேச்சு, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குள் போய்விடுவது, இதெல்லாம் உண்டா என்று கவனித்தீர்களா? இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், மனநல மருத்துவரின் உதவியும் தேவைப்படும். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால் கோபப்படாமல் பத்து நிமிடம் வெளியே பெஞ்சில் உட்காருங்கள்.