ஹவாயின் கடைசி அரசி லிலியுவோகலானி போரிடாமலே ஆட்சியை விட்டுக்கொடுத்தது ஏன்?

இந்தக் கேள்விக்கான விடை, 1893 ஜனவரி 17 அன்று அவர் எழுதிய கண்டனக் கடிதத்திலேயே இருக்கிறது. கரும்புத் தோட்ட நலன்களோடு பிணைந்திருந்த வெள்ளையர் குழு ஒன்று ஆட்சியைக் கைப்பற்றியபோது, அவர் அந்தக் குழுவுக்குப் பணியவில்லை. அமெரிக்கத் தூதர் ஸ்டீவன்ஸ் ஹொனலுலுவில் படையை இறக்கியதைச் சுட்டிக்காட்டி, உயிரிழப்பைத் தவிர்ப்பதற்காக அமெரிக்காவின் பெரும்படை பலத்துக்குப் பணிவதாகவும், உண்மை நிலையை அறிந்து அந்நாட்டு அரசு தம்மை மீண்டும் அரியணையில் அமர்த்தும் வரை மட்டுமே விலகியிருப்பதாகவும் எழுதினார்.

இதைப் பலவீனம் என்று சொல்பவர்கள் 1843-ஐ மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல் தலைவர் ஒருவர் தீவுகளை மிரட்டிப் பறித்தபோது, அரசர் மூன்றாம் கமேஹமேஹா இதே போலக் கண்டனம் தெரிவித்துவிட்டுப் பணிந்தார். ஐந்தே மாதங்களில் நாடு திரும்பக் கிடைத்தது. அந்த முன்னுதாரணத்தின் மீதுதான் அரசியும் நம்பிக்கை வைத்தார் என்று நான் கருதுகிறேன். அந்த நம்பிக்கை முற்றிலும் வீண்போகவும் இல்லை: விசாரணைக்கு ஆள் அனுப்பிய அமெரிக்க அதிபர் கிளீவ்லேண்ட், நடந்தது அநீதி என்று நாடாளுமன்றத்திடமே ஒப்புக்கொண்டார். ஆனால் கைப்பற்றியவர்கள் ஆட்சியைத் திருப்பித் தர மறுத்து, 1894-இல் குடியரசை அறிவித்துவிட்டார்கள்.

1895-இல் அரசியின் ஆதரவாளர்கள் ஆயுதம் ஏந்தித் தோற்ற பிறகு, அவருடைய சொந்த அரண்மனையின் அரியணை மண்டபத்திலேயே இராணுவ நீதிமன்றம் அவரை விசாரித்து, மாடி அறை ஒன்றில் ஏறத்தாழ எட்டு மாதம் சிறைவைத்தது. அந்த அறையில் இன்று கண்ணாடிப் பேழைக்குள் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். சிறையிருந்தபோது அரசியும் உடனிருந்த பெண்ணும் தைக்கத் தொடங்கியது அது. ஒழுங்கற்று வெட்டிய பட்டுத் துண்டுகளின் நடுவே ஹவாய்க் கொடிகளும், அவர் சிறைப்பட்ட செய்தியும் நூலால் தைக்கப்பட்டிருக்கின்றன. எழுதிய கடிதத்துக்குப் பதில் வராதபோது, தைத்து வைத்த சாட்சியமாகவே அது எனக்குத் தோன்றியது.

மக்களும் வாளாவிருக்கவில்லை. பூர்வகுடியினர் சுமார் 40,000 பேரே இருந்த நாட்டில், அமெரிக்காவுடனான இணைப்பை எதிர்த்து 1897-இல் 21,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் திரண்டு வாஷிங்டன் சென்றன. இணைப்பு ஒப்பந்தத்துக்குச் செனட்டில் வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை. மறு ஆண்டு ஸ்பெயினோடு போர் மூண்டதும், சாதாரணப் பெரும்பான்மையே போதுமான கூட்டுத் தீர்மானத்தின் வழியாக ஹவாய் இணைத்துக்கொள்ளப்பட்டது. 1898 ஆகஸ்ட் 12 அன்று அரண்மனையில் ஹவாய்க் கொடி இறக்கப்பட்டபோது, அரசி அங்கே போகவில்லை. சற்றுத் தொலைவிலிருந்த தம் வீட்டிலேயே இருந்துவிட்டார்.