லேசரால் எனாமல் கெட்டிப்படுமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. இரண்டே ஆண்டுகளில் நான்கு பற்களில் சொத்தை விழுந்து, அடைத்திருக்கிறோம். மற்ற பற்களையாவது காப்பாற்ற, லேசர் அடித்து ஃபுளோரைடு பூசினால் எனாமல் உறுதியாகும் என்கிறார் பல் மருத்துவர். இது அவசியமா? சூட்டில் பல் கெட்டுவிடாதா?

பதில்: அவசியமில்லை. ஆனால் உங்கள் மருத்துவர் சொல்வது கட்டுக்கதையும் அல்ல.

பல்லின் வெளி உறையான எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்பு. ஹைட்ராக்ஸிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள். பாஸ்பேட் இருக்க வேண்டிய சில இடங்களில் கார்பனேட் புகுந்து உட்கார்ந்திருக்கும். படிகத்தின் பலவீனமே அதுதான். இனிப்பைத் தின்று கிருமிகள் அமிலம் சுரக்க, பிஹெச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம் என்று பொருள்) ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனதும் எனாமல் கரையத் தொடங்குகிறது. அமிலம் தணிந்ததும் உமிழ்நீர் இழந்த தாதுவைத் திருப்பித் தருகிறது. அந்த நேரத்தில் ஃபுளோரைடு பக்கத்தில் இருந்தால், புதிதாகப் படியும் தாது முன்பைவிடக் கடினமாகிறது; அதைக் கரைக்க பிஹெச் 4.5 அளவுக்கு இறங்க வேண்டும்.

லேசர் செய்வது வேறு. கார்பன் டை ஆக்சைடு லேசரில் 9.3, 9.6 மைக்ரோமீட்டர் அலைநீள ஒளியை எனாமல் தாது அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். நொடியில் லட்சத்தில் சில பங்கு நேரத்துக்கு மேற்பரப்பு மட்டும் நூற்றுக்கணக்கான டிகிரி சூடேற, கார்பனேட் வெளியேறிவிடுகிறது. எஞ்சும் படிகம் அமிலத்தில் எளிதில் கரையாது. ஃபுளோரைடையும் கூடுதலாகப் பிடித்துவைக்கும். ஃபுளோரைடை லேசருக்கு முன்னால் பூசுவதா, பின்னால் பூசுவதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

முதல் லேசர் இயங்கியது 1960-இல். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே பற்களில் அதைச் சோதித்து, எனாமல் அமிலத்தைத் தாங்குவதைக் கண்டுவிட்டார்கள். அப்படியிருந்தும் இது ஏன் அன்றாட சிகிச்சையாகவில்லை? நல்ல முடிவுகள் பெரும்பாலும் பிடுங்கிய பற்களை அமிலத்தில் ஊறவைத்துப் பெற்றவை. வாயில் உமிழ்நீர் இருக்கிறது, கிருமிப் படலம் இருக்கிறது, பல் துலக்காமல் தூங்கப்போகும் பையனும் இருக்கிறான். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் குறைவு, அளவிலும் சிறியவை; வெறும் ஃபுளோரைடைவிட லேசர் சேர்த்தது எல்லாவற்றிலும் தெளிவாக முந்திவிடவில்லை.

சூட்டைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. பல்லுக்குள் இருக்கும் பற்கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் கூடினாலே சில பற்களில் அது மீளாத சேதமாகிவிடுகிறது என்று 1965-இல் குரங்குகளில் நடந்த ஆய்வு காட்டியது. மிகக் குறுகிய துடிப்புகளாக, சரியான ஆற்றலில் செலுத்தினால் வெப்பம் அவ்வளவு ஆழம் போவதில்லை. அளவு தவறினால் எனாமலில் மயிரிழை விரிசல்கள் விழலாம். ஆகவே எந்த வகை லேசர், இந்தத் தடுப்புச் சிகிச்சையில் பயிற்சி உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சிகிச்சையின்போது மகன் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும்.

நானாக இருந்தால் லேசரைக் கடைசியில்தான் வைப்பேன். முதலில் பல்லில் ஒட்டிக்கொள்ளும் பூச்சான ஃபுளோரைடு வார்னிஷ்: 22,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு கொண்டது, பூசச் சில நிமிடங்கள் போதும். இவ்வளவு சொத்தை விழுந்தவருக்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பூசலாம். இரண்டாவது கடைவாய்ப் பற்கள் 12, 13 வயதில்தான் முளைக்கின்றன; அவற்றின் ஆழமான பள்ளங்களை ஃபுளோரைடு அவ்வளவாகக் காப்பதில்லை. சொத்தை விழுமுன் சீலன்ட் என்னும் மெல்லிய பூச்சை வைத்து மூடிவிடுவது நல்லது. வீட்டில் 1,000 முதல் 1,500 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பற்பசை. துலக்கியபின் துப்பினால் போதும். வாய் கொப்பளித்து மருந்தைக் கழுவிவிட வேண்டாம்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது, இரண்டு ஆண்டில் நான்கு சொத்தை என்ற கணக்கு. இனிப்புப் பானத்தை நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடிக்கிறானா? வாயால் மூச்சு விடுகிறானா? வாயை உலரச் செய்யும் மாத்திரை ஏதும் உண்டா? காரணம் தொடரும்வரை எந்தக் கருவியும் பெரிதாக உதவாது. ஏற்கெனவே குழி விழுந்த இடத்தில் லேசர் எனாமலை வளர்த்தும் தராது. எனாமலை உண்டாக்கும் செல்கள் பல் முளைத்ததோடு மறைந்துவிடுகின்றன.

வார்னிஷ் பூசிய அன்று சில மணி நேரம் கடினமான, சூடான உணவு வேண்டாம். சில வகை வார்னிஷ் பற்களை மஞ்சளாகக் காட்டும். அது கறையல்ல, மறுநாள் துலக்கினால் போய்விடும். பள்ளியில் யாரேனும் கேலி செய்வார்கள் என்று அவன் பயந்தால், விடுமுறை நாளுக்கு முந்தைய மாலையில் பூசச் சொல்லுங்கள்.