பொருளியல் கண்ணால் செய்தித்தாளை அளந்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ஊடக விமர்சகர் எட்வர்ட் ஹெர்மனைப் பற்றித் தேடினால் ‘மொழியியலாளர் நோம் சோம்ஸ்கியோடு புத்தகம் எழுதியவர்’ என்றுதான் கிடைக்கிறது. நிதித்துறைப் பேராசிரியர் எதற்காகப் பொருளியலை விட்டு ஊடக விமர்சனத்துக்கு வந்தார்? செய்தித்தாளின் கவனத்தை அளக்கும் அவருடைய முறையை வகுப்பில் செய்துபார்க்க முடியுமா?

இதழியல் மாணவி, கோவை

அன்புள்ள மாணவிக்கு,

அவர் பொருளியலை விடவே இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் வணிகப் பள்ளியில் நிதி கற்பித்தவர். பெரிய நிறுவனங்களின் பிடி உண்மையில் யார் கையில் என்று ஆராய்ந்து 1981ல் தனிப் புத்தகமே எழுதினார். அதே கேள்வியைப் பத்திரிகை நிறுவனங்களிடமும் கேட்டார். சோம்ஸ்கியோடு எழுதிய 1988ஆம் ஆண்டு நூலான ‘மேனுஃபேக்சரிங் கன்சென்ட்’டின் முதல் அத்தியாயத்தில் 24 ஊடக நிறுவனங்களின் நிதிக் கணக்கு அட்டவணையாக இருக்கிறது. அட்டையில் ஹெர்மன் பெயர்தான் முதலில், அது நியாயமும்கூட.

அவர்கள் எடுத்துக்காட்டும் ‘டெய்லி ஹெரால்ட்’ கதையைப் பாருங்கள். 1964ல் நின்றுபோன பிரிட்டிஷ் நாளிதழ். கடைசி ஆண்டில் 47 லட்சம் வாசகர்கள். நாட்டின் நாளிதழ் விற்பனையில் 8.1 சதவீதம், விளம்பர வருமானத்தில் 3.5 சதவீதம்தான். அதன் வாசகர்கள் பெரும்பாலும் தொழிலாளர்கள். விளம்பரதாரர் தேடியது காசுள்ள வாசகரை. யாரும் தணிக்கை செய்யவில்லை, வரவு செலவே அதைக் கொன்றுவிட்டது.

வகுப்பில் செய்ய, ஏறக்குறைய ஒத்த இரண்டு நிகழ்வுகளை எடுங்கள்: ஒன்றில் தவறு செய்தவர் எதிரி நாடு, மற்றதில் நட்பு நாடு. ஒரே பத்திரிகை, சம அளவு நாட்கள். செய்திகளின் எண்ணிக்கை, பத்தி நீளம் (சென்டிமீட்டரில்), முதல் பக்கமா, தலையங்கம் உண்டா, யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று குறியுங்கள். அவர்கள் இப்படித்தான் அளந்தார்கள்: 1984ல், அன்று அமெரிக்காவின் எதிரி முகாமில் இருந்த போலந்தின் காவல்துறையினர் கொன்ற பாதிரியார் போப்பியெவுஷ்கோவுக்கு நியூயார்க் டைம்ஸில் 78 செய்திகள். அமெரிக்காவின் நட்பு நாடுகள் இருந்த லத்தீன் அமெரிக்காவில் கொல்லப்பட்ட 100 மதப் பணியாளர்களுக்கு, எல் சால்வடோர் பேராயர் ரொமேரோ உட்பட, மொத்தம் 57.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது ஜோடி சேர்ப்பதில். முடிவை மனதில் வைத்துக்கொண்டு நிகழ்வைத் தேடினால் எதையும் நிரூபித்துவிடலாம். எனவே அளப்பதற்கு முன்பே ஜோடிகளை எழுதி வைத்துவிடுங்கள். இருவர் தனித்தனியாக அளக்கட்டும்.

இன்னொரு பள்ளத்தில் ஹெர்மனே விழுந்தார். ஒரு கொலைக்கு அதிக இடம் கொடுத்தார்கள் என்பதால் அந்தக் கொலை பொய்யாகிவிடாது. ருவாண்டாவில் 1994ல் துட்சி மக்கள் இனப்படுகொலைக்கு ஆளானதையே பிற்காலத்தில் அவர் மறுத்தெழுதினார். அது பெரிய தவறு. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அளவுகோல் பத்திரிகையின் கவனத்தை மட்டும்தான் அளக்கும். என்ன நடந்தது என்பதற்கு உடற்கூறு அறிக்கை, நீதிமன்ற ஆவணம், உயிர் தப்பியவர் வாக்குமூலம் ஆகியவற்றைத் தனியாகத் தேடிப் படியுங்கள்.