மொரிஷியஸில் பிளாக் சுவர் வீட்டில் ஹைட்ராலிக் லிஃப்ட் வைக்கலாமா?

கேள்வி: ரோஸ்ஹில்லில் எங்கள் வீடு, கீழ்த்தளமும் ஒரு மாடியும். பிளாக் சுவர், சிங்கிள் ஃபேஸ் கரண்ட். படி ஏற முடியாத அம்மாவுக்காக 300 கிலோ ஹைட்ராலிக் லிஃப்ட் பார்க்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாக வைக்கலாம். சிங்கிள் ஃபேஸ் ஒரு தடையே இல்லை. இடறுவது சுவரிலும் குழியிலும்தான்.

முதலில் கரண்ட். இந்த வகை லிஃப்டில் சிலிண்டரின் தண்டு ஒரு பங்கு ஏறினால், கப்பி வழியாக கயிறு கூண்டை இரண்டு பங்கு ஏற்றும். மாடி உயரம் 3.2 மீட்டர் என்றால் தண்டு ஏறுவது 1.6 மீட்டர். கூண்டு 350 கிலோ, ஆட்கள் 300 கிலோ. தண்டின் மேல் விழுவது இதைப் போல இரு மடங்கு, 1,300 கிலோ. 70 மி.மீ. தண்டுக்கு அழுத்தம் ஏறக்குறைய 35 பார் (bar, அழுத்த அலகு). நொடிக்கு 15 செ.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 17 லிட்டர் எண்ணெய் போதும். 2.2 கிலோவாட் மோட்டார் இதைத் தூக்கிவிடும். போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள்: 4 சதுர மி.மீ. வயர், தூரம் அதிகமானால் 6, சி வகை 25 ஆம்பியர் பிரேக்கர். மோட்டார் கிளம்பும் நொடியில் மூன்று நான்கு மடங்கு இழுக்கும். ஃப்ரிட்ஜோடு ஒரே லைனில் போட்டால் பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கும். இறங்கும்போது மோட்டார் ஓடாது. வால்வு திறக்கும், கூண்டு தன் எடையில் இறங்கும்.

இப்போது சுவர். கூண்டு பிடித்து ஏறி இறங்கும் ரெயில் ஒரே பக்கச் சுவரில் நிற்பதால் கூண்டு எப்போதும் முன்னால் சாயப் பார்க்கும். மேல் பிராக்கெட்டின் போல்ட்டைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை அதுதான். நம் ஊர் பிளாக் உள்ளே பொள்ளல். அதில் விரியும் ஆங்கரை (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) முடுக்கினால் அன்றைக்கு இறுகினாற்போலத்தான் இருக்கும், சில மாதத்தில் ஓட்டை வாய் அகன்று ரெயில் ஆடத் தொடங்கும். கதவருகே "டக்" என்று சத்தம் வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். ஆகவே 1.2 மீட்டருக்கு ஒரு கான்கிரீட் பட்டை, உள்ளே கம்பி கட்டி. பட்டையில் எம்12 கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை ஊற்றி ஒட்டும் 12 மி.மீ. போல்ட்), 14 மி.மீ. துளை, 110 மி.மீ. ஆழம். துளைத் தூசியை பிரஷ் போட்டு, ஊதி, மறுபடி பிரஷ் போட வேண்டும். தூசியின் மேல் ஊற்றிய பசை எதையும் பிடிக்காது. பட்டை கட்ட முடியாத வீட்டுக்குத் தானே நிற்கும் இரும்புச் சட்டக லிஃப்ட் வாங்குவதே மேல். மாடித் தளத்தை வெட்டுவதற்கு முன் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் பார்த்தாக வேண்டும், இதில் பேரமே கிடையாது.

குழி 15 முதல் 20 செ.மீ. ஆழம் போதும். அடித்தளமும் பக்கமும் ஒரே கம்பிக் கான்கிரீட், உள்ளே நீர்க்காப்புப் பூச்சு. சாக்கடைக்குக் குழாய் விடாதீர்கள், பெருமழையில் தண்ணீர் அதே வழியாகத் திரும்பி வரும். மூலையில் சின்னப் பள்ளம் விட்டால் பம்ப் வைத்து இறைத்துக்கொள்ளலாம். பவர் பேக்கை (மோட்டார், பம்ப், எண்ணெய்த் தொட்டி சேர்ந்த பெட்டி) தரையில் வைக்காமல் மேடை கட்டி வையுங்கள்.

சிக்லோன் (புயல்) சமயம் பலர் தவறுவது இங்கேதான். இரண்டாம் வகுப்பு எச்சரிக்கை வந்ததும் கூண்டை மாடிக்கு ஏற்றி, யாரும் உள்ளே இல்லையென்று பார்த்து, மெயினை அணைப்பார்கள். ஆனால் கரண்ட் போனால் பேட்டரி வால்வைத் திறந்து கூண்டைக் கீழே இறக்கும் ஏற்பாடு பல மாடல்களில் உண்டு. நீங்கள் அணைத்ததையும் அது கரண்ட் போனதாகவே எடுத்துக்கொண்டு, கூண்டை நேராகக் குழித் தண்ணீருக்கே கொண்டுபோய்விடும். பேட்டரி இறக்கத்தையும் அணைத்து, எண்ணெய்க் குழாயின் பால் வால்வையும் (ball valve, கையால் திருப்பி மூடும் வால்வு) மூடுங்கள். பொருத்தும் நாளிலேயே அந்த ஸ்விட்ச் எது என்று காட்டச் சொல்லுங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் தண்ணீர் ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது.

இரவு மாடியில் நிறுத்திய கூண்டு காலையில் இரண்டு செ.மீ. இறங்கியிருந்தால் உடனே சீல் (சிலிண்டரில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) போயிற்று என்று நினைக்க வேண்டாம். எண்ணெய் 10 டிகிரி குளிர்ந்தால் சுருங்கியே அவ்வளவு இறங்கும். அதற்கு மேல் இறங்கினால் காலிக் கூண்டை மாடியில் நிறுத்தி, பால் வால்வை மூடிவிட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். இறங்குவது நின்றுவிட்டால் வால்வு பிளாக்கில் (வால்வுகள் பொருத்திய கட்டையில்) அழுக்கு. மூடிய பிறகும் இறங்கினால் சிலிண்டர் தலையில் விரல் வைத்துப் பாருங்கள். எண்ணெய் வழிந்தால் சீல், உலர்ந்திருந்தால் குழாய் இணைப்பு. கூண்டு குலுங்கி ஏறினால் சிலிண்டரில் காற்று, மேலே உள்ள திருகைத் தளர்த்தி வெளியேற்ற வேண்டும். எண்ணெய் பால் போல வெளுத்தால் ஈரம் கலந்திருக்கிறது, வடிகட்டிப் பயனில்லை, முழுவதும் மாற்றுங்கள். எண்ணெய் வகை விஜி 46 (VG 46, எண்ணெயின் அடர்த்தித்தன்மையைக் குறிக்கும் எண்). அளவைக் கூண்டு மாடியில் நிற்கும்போது பாருங்கள்: தொட்டியில் எண்ணெய் மிகக் குறைவது அப்போதுதான், மோட்டார் அப்போதும் மூழ்கியிருக்க வேண்டும்.