மகளின் ஆய்வுத் தலைப்பும் அம்மாவின் இரண்டு கவலைகளும்

வணக்கம் அம்மா. மணப்பாறையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எம்.ஏ. தமிழ் முதலாண்டு படிக்கும் மகள் 'நவீனப் புனைகதைகளில் பெண் அடையாளம்' என்று பிஎச்.டி.க்குத் தலைப்பு எடுத்து வைத்திருக்கிறாளே, இது சோறு போடுமா என்பது நீங்கள் வாய்விட்டுக் கேட்டது. இந்தக் கதைகளையே படித்துக்கொண்டிருந்தால் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்பது கேட்காமல் கேட்டது.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்பாள். பி.காம். படிக்க வைத்திருந்தாலும் கேட்டிருப்பாள். உங்களுக்குப் பக்கத்துத் துவரங்குறிச்சியில், வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி வீட்டுக்குள் இருத்தப்பட்ட ஒரு பெண், சல்மா என்ற புனைபெயரில் எழுதத் தொடங்கினார். 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் 2004-இல் வந்தது. பேரூராட்சித் தலைவராக இருந்த அவர், 2025-இல் மாநிலங்களவை உறுப்பினரும் ஆகிவிட்டார். படிப்பை நிறுத்தினால் கேள்வியும் நின்றுவிடும் என்று உறவினர்கள் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இனி தலைப்பு. விஷயத்தில் குறையில்லை, அகலம்தான் அதிகம். இதே பெயரில் பல்கலைக்கழக நூலகங்களில் ஆய்வேடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் முதல் இயல் 'பெண் அன்றும் இன்றும்', கடைசி இயல் 'தொகுப்புரை', நடுவில் இருபது முப்பது நாவல்களின் கதைச்சுருக்கம். நேர்முகத் தேர்வில் யாரும் அதைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

பெண் அடையாளம், அதாவது ஒரு பெண் தன்னைக் கண்டறிவது என்றவுடன் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிக்கும் படித்த பெண்ணைத்தான் மாணவர்கள் தேடிப் போகிறார்கள். மகளைக் கொஞ்சம் வேறு பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய், தொழிலாளர்களோடு பேசிப் பழகி 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். அங்கே ஒரு பெண் தன்னை யார் என்று அறிவது கூலியோடும் கங்காணியோடும் மோதித்தான். பாமாவின் 'கருக்கு' (1992) இன்னொரு சிக்கலை முன்வைக்கிறது. கன்னியர் மடத்திலிருந்து வெளியே வந்த ஒருவரின் தன்வரலாற்று எழுத்து அது. அங்கே பெண், தலித், கிறிஸ்தவர் என்ற மூன்றையும் பிரித்தெடுக்க முடியாது. 'நான்' என்று தொடங்கும் பேச்சு சட்டென்று தெருவின் பேச்சாகிவிடுகிறது. தன்னைக் கண்டறிவது தனி ஒருத்தியின் காரியம்தானா என்று இங்கே கேட்கலாம். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' சிறுகதையில் அறைகள் பல கொண்ட பெரிய வீட்டில் சமையலறை மட்டும் ஏதோ ஒட்டவைத்ததுபோல் மூலையில் கிடக்கிறது. ஆனால் அந்த வீட்டு மாமியாரின் அதிகாரம் முழுவதும் அந்த இருட்டு அறைக்குள்தான். அதை விட்டுவிட்டால் அவருக்கு என்ன மிஞ்சும்? இந்த ஒரு கேள்வியை எடுத்து மூன்று எழுத்தாளர்களிடம் வைத்துப் பார்த்தாலே பிஎச்.டி.க்குப் போதும். முப்பது நாவல் தேவையில்லை.

அம்பையை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்கிறேன். சி.எஸ். லக்ஷ்மி என்ற சொந்தப் பெயரில் அவர் ஆய்வாளர். தமிழ்ப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி 1984-இல் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். 1988-இல் மும்பையில் 'ஸ்பாரோ' என்ற பெண்களுக்கான ஆவணக் காப்பகத்தை நிறுவியவர்களில் ஒருவர். 2021-க்கான சாகித்ய அகாதமி விருதும் பெற்றார். உங்கள் மகள் எடுத்திருக்கும் இதே விஷயத்தை வைத்து ஆய்வு, ஆவணம், கதை என்று மூன்று வேலைகள் செய்தவர் அவர்.

வருமானத்துக்கு வருகிறேன். கல்லூரியில் கற்பிக்கவும் ஆய்வு உதவித்தொகை பெறவும் தகுதி தரும் தேசியத் தேர்வு நெட். எம்.ஏ. இரண்டாம் ஆண்டிலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் அது நடக்கிறது. தமிழ் மட்டுமல்ல, மகளிரியலும் அதில் ஒரு பாடம். ஜே.ஆர்.எஃப். எனப்படும் ஆய்வு உதவித்தொகைக்கான தகுதியோடு தேறினால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. இதற்குப் பொது வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்தாண்டு தளர்வு உண்டு. இந்த உதவித்தொகை இல்லாமல், கைக்காசைச் செலவழித்து பிஎச்.டி. செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே நேரம், கல்லூரியில் நிரந்தர வேலை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். கௌரவ விரிவுரையாளராகவே ஆண்டுகளைக் கழிப்பவர்கள் நிறையப் பேர். பள்ளியில் கற்பிக்க அவளுக்கு மனம் இருந்தால் பி.எட். முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். மனம் இல்லாமல், 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டு ஆண்டுகளை அதில் போட வேண்டாம்.

அதைவிட உருப்படியானது, இப்போதிருந்தே இன்னொரு திறமையை வளர்ப்பது. நான் சொல்வது மொழிபெயர்ப்பை. கன்னடத்தில் பானு முஷ்தாக் எழுதிய கதைகள் 2025-இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றபோது, 50,000 பவுண்டில் சரிபாதி மொழிபெயர்த்த தீபா பாஸ்திக்குப் போனது. எல்லாருக்கும் புக்கர் கிடைக்கப்போவதில்லை, தெரியும். ஆனால் தமிழையும் ஆங்கிலத்தையும் பிழையில்லாமல் எழுதும் ஒருத்திக்குப் பதிப்பகத்திலும் மொழிபெயர்ப்பிலும் பிரதி திருத்துவதிலும் வேலை கிடைக்கும். வாரம் ஒரு சிறுகதையின் ஒரு பக்கத்தை ஆங்கிலமாக்கிப் பழகட்டும். விடுமுறையில் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அழைத்துப்போய், பழைய பத்திரிகைகளில் பெண்கள் எழுதிய தொடர்கதைகளைப் பார்க்க வையுங்கள்.

கல்யாணப் பேச்சு எடுக்கும்போது ஆய்வுக்காலத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள், மாப்பிள்ளை வீட்டாரிடம் நேராகவே. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் வரை தளர்வும், பேறுகாலத்துக்கோ குழந்தை வளர்ப்புக்கோ 240 நாட்கள் வரை விடுப்பும் உண்டு. 'கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற பதிலை மட்டும் ஏற்காதீர்கள்.

இன்னொன்று, ஆய்வை வழிநடத்தும் நெறியாளர். பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் நெறிப்படுத்த முடியாது. இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு. நல்லவர்களிடம் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். சுருக்கிய தலைப்பை இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டு, இந்தப் பருவம் முடிவதற்குள் மகளே போய்க் கேட்கட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம்.