குறட்டையைப் போய் டாக்டரிடம் சொல்வதா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 54, விசைத்தறி ஓட்டுகிறார். குறட்டை தறிச் சத்தத்தையே தோற்கடிக்கும். நடுவில் மூச்சு நின்று, திணறி எழுவார். அடுத்த வாரம் குடலிறக்க ஆபரேஷன். இதையும் சொல்லணுங்களா?
– வாசகி, சோமனூர்

பதில்: கட்டாயம் சொல்லுங்கள் அம்மணி. குறட்டையை விட அந்த மூச்சு நிற்பதுதான் முக்கியம். அவருக்கே அது தெரியாது, நீங்களும் கூடப் போங்கள். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. மயக்க மருந்தும் மார்ஃபின் போன்ற வலி மருந்தும் அந்தத் தசையை இன்னும் தளர்த்தும். திணறி விழிப்பதையும் மழுக்கிவிடும். முழு மயக்கம் கொடுக்காமல், முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தே ஆபரேஷனை முடிக்கலாமா என்று கேளுங்கள். தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் (CPAP) கருவி ஏற்கெனவே இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். ஆபரேஷன் முடிந்த இரவு மல்லாந்து படுக்க விடாதீர்கள். விரலில், ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் இருக்கட்டும். ‘நல்லாத் தூங்கட்டும்’ என்று சொந்தக்காரர் யாராவது தூக்க மாத்திரை நீட்டினால், வாங்கவே வேண்டாம்.