கடற்புல்லுக்குள்ள வெறும் மணல் கோடு: ஆவுளியாவா, படகா?

தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில, மனோரா பக்கம் கடற்புல்லுக்கு நடுவுல பார்த்த வெறும் மணல் கோடு எதனாலன்னு கேட்டிருந்தீங்க. அது பெரும்பாலும் ஆவுளியா, அதாவது கடற்பசு, மேஞ்ச தடம்தான், படகோட ப்ரொப்பெல்லர் கிழிச்சிருந்தா இப்படி வளைஞ்சு நெளிஞ்சு போகாது, நேரா நீளமா போயிருக்கும்.

ஆவுளியா மூஞ்சியை மணல்ல அழுத்தி வேரோட பிடுங்கித் தின்னும். அதனால டேப் வச்சு அகலம் பாருங்க, சுமாரா 10லருந்து 25 செ.மீ. இருக்கும், ஆழம் சில செ.மீ.தான். அப்புறம் விரலால மணலைத் துழாவுங்க, வேரும் தண்டும் பெரும்பாலும் இல்லாம போயிருந்தா ஆவுளியா, இலை மட்டும் கத்தரிச்ச மாதிரி போயி வேர் அப்படியே இருந்தா பச்சை ஆமையா இருக்கலாம்.

ஹாலோஃபிலா மாதிரி சின்னக் கடற்புல் வகை வேகமா வளர்ந்து தடத்தை மூடிரும், அதனால தடம் இல்லைங்கறதை வச்சு ஆவுளியா வரலைன்னு எழுதிராதீங்க. அந்தக் கடல் பகுதி 2022ல அறிவிச்ச கடற்பசு காப்பகம், ஜிபிஎஸ் புள்ளியை தயவுசெஞ்சு பொதுவுல போடாம வனத்துறைக்குக் குடுங்க.